தருமபுரி வீட்டை விற்றுவிட்டு ஓசூர் போகிறோம்: முதலில் பெயிண்டா, பத்திரமா?

மஞ்சள்கேட்_வீடு:

எல்லோருக்கும் வணக்கம். தருமபுரி நெசவாளர் காலனிப் பக்கம் எங்கள் வீடு. மூன்று சென்ட் மனை. அப்பா 1996-ல் மனை வாங்கி அதே வருடம் கீழ்த்தளம் கட்டினார். 2009-ல் மாடியில் ஒரு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விட்டோம். 2019-ல் அப்பா தவறிவிட்டார். இப்போது அம்மா, நான், என் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள் இருக்கிறோம். தம்பிக்கு மஸ்கட்டில் வேலை.

வீட்டுக்காரர் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறார். திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறினால் சனிக்கிழமை இரவுதான் முகம் பார்க்க முடிகிறது. பெரியவள் எட்டாவது. ஒன்பதாவதும் பத்தாவதும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும் என்பதால் வரும் ஜூனுக்குள் ஓசூர் போய்விட நினைக்கிறோம். இந்த வீட்டை விற்று அங்கே ஒரு ஃபிளாட் வாங்குவதாகத் திட்டம். தம்பிக்கும் சம்மதம்.

கொழுந்தனார் "பெயிண்ட் அடித்துவிட்டு விலை சொன்னால் இரண்டு லட்சம் ஏறும்" என்கிறார். புரோக்கர் ஒருவர் "அப்படியே விடுங்கள், நாளைக்கே ஆள் கொண்டு வருகிறேன்" என்கிறார். எதை முதலில் தொடுவது? விற்றுவிட்டுப் போவதா, போய்விட்டு விற்பதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நாலுரோட்டுக்காரன்:

பெயிண்ட் அடியுங்கள். வாங்க வருகிறவன் முதலில் கண்ணால்தான் வாங்குகிறான். கேட்டின் மஞ்சளையும் மாற்றிவிடுங்கள் அக்கா, வாஸ்து பார்க்கிற ஆள் கூட வந்தால் அதிலேயே ஆரம்பிப்பார்.

ஈரச்சுவர்:

கட்டட வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்போது வெளிப்பெயிண்ட் வேண்டாம். கிட்டத்தட்ட முப்பது வருட வீடு. அதன் மேல் பளபளவென்று புதுப் பெயிண்ட் இருந்தால், விவரம் தெரிந்தவன் "எதை மறைக்கிறார்கள்?" என்றுதான் கேட்பான். வாங்குபவர் கூட்டி வரும் மேஸ்திரி நேராக மூன்று இடத்துக்குப் போவார்: மாடிக் குளியலறைக்குக் கீழே இருக்கும் ரூமின் சீலிங், மேல்நிலைத் தொட்டிக்கு அடியில், தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை சுவர். ஈரம் தெரிந்தால் அங்கேயே விலையை அடிப்பார்.

அதனால் செலவு செய்வதானால் தளத்து ஓட்டையை அடையுங்கள், குளியலறை மூலைகளைச் சரிசெய்யுங்கள், செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்யுங்கள். கம்பி துருப்பிடித்து சிமெண்ட் பெயர்ந்த இடம் சன்ஷேடில் நிச்சயம் இருக்கும், பாருங்கள். உள்ளே ஒரு கோட் வெள்ளை போதும். கேட் மஞ்சளாகவே இருக்கட்டும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று சென்ட் என்றால் சுமார் 1,307 சதுர அடி. நம் ஊரில் பேரம் நடப்பது பெரும்பாலும் மனைக்குத்தான். 1996 கட்டடத்துக்குத் தேய்மானம் கழித்துவிட்டு ஒரு தொகை போடுவார்கள். பெயிண்டுக்குப் போட்ட பணம் அந்தக் கணக்கில் எந்த இடத்திலும் வராது.

சாவிக்கொத்து:

நான் இந்தத் தொழிலில் இருக்கிறவன், பேர் வேண்டாம். ஈரச்சுவர் சொல்வதோடு ஒத்துப்போகிறேன். தருமபுரியில் வீடு பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெயிண்ட் இல்லை, "தண்ணி எப்படி?" என்பதுதான். நம் மாவட்டத்து போர் தண்ணீரில் ஃபுளோரைடு உண்டு என்பது வெளியூர்க்காரனுக்கும் தெரியும். பல்லில் கறையோடு திரிந்த ஒரு தலைமுறையையே பார்த்திருக்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. உங்கள் வீட்டுக்கு அந்த இணைப்பு இருந்தால், குடிநீர்க் கட்டண ரசீதை மேலே எடுத்து வையுங்கள். போர் தண்ணீரையும் ஒரு தடவை டெஸ்ட் கொடுத்து ரிப்போர்ட் வாங்கிவிடுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை அனுமதி, அதற்குக் கீழே இருந்தால் தைரியமாகக் காட்டலாம். கூடுதலாக இருந்தால் "போர் புழங்க மட்டும், குடிக்க ஒகேனக்கல்" என்று நேராகச் சொல்லுங்கள். மறைத்து விற்றால் பேச்சு சொந்தக்காரர்கள் வழியாகத் திரும்பி வரும், ஊர் சின்னது.

அப்புறம், ஐந்து புரோக்கரிடம் சொல்லாதீர்கள். ஐந்து பேரும் ஐந்து விலை சொல்வார்கள். ஒரே பார்ட்டி இரண்டு பேர் வழியாக வந்து குறைந்த விலையைப் பிடித்துக்கொள்வான். அப்படி மூன்று மாதம் சுற்றிவிட்டால் "அடிபட்ட வீடு" என்று பெயர் வந்துவிடும். ஒருவர், மிஞ்சினால் இருவர். கமிஷன் எவ்வளவு, யார் பக்கம் எவ்வளவு என்பதை முதல் நாளே வாய்விட்டுப் பேசிவிடுங்கள்.

சிட்டா_அடங்கல்:

பெயிண்ட், தண்ணீர் எல்லாம் இருக்கட்டும். அம்மா மஞ்சள்கேட், நான் வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நான்கு கேள்வி கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்.

பட்டா இப்போது யார் பெயரில்? அப்பா உயில் எழுதினாரா? வாரிசுச் சான்று வாங்கினீர்களா, அதில் எத்தனை பெயர்? வீட்டின் மேல் எப்போதாவது லோன் இருந்ததா?

மஞ்சள்கேட்_வீடு:

நன்றி சார். பட்டா இன்னும் அப்பா பெயரில்தான். உயில் இல்லை. வாரிசுச் சான்று 2019-லேயே வாங்கிவிட்டோம், அப்பாவின் பேங்க் பணத்துக்காக. அதில் நான்கு பெயர்: அம்மா, நான், தம்பி, பாட்டி (அப்பாவின் அம்மா). பாட்டி 2021-ல் இறந்துவிட்டார்கள். அதனால் இப்போது மூன்று பேர்தான். லோன் வீட்டுவசதி சங்கத்தில் அப்பா வாங்கி 2008-ல் கட்டி முடித்துவிட்டார், பத்திரம் கையில் இருக்கிறது.

சிட்டா_அடங்கல்:

"அதனால் இப்போது மூன்று பேர்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே, நான் பயந்தது அதற்குத்தான்.

அப்பா இறந்த அன்றைக்குப் பாட்டி உயிரோடு இருந்தார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவி, மகன், மகள், தாய் நால்வருக்கும் சமபங்கு. ஆக அன்றைக்கே பாட்டிக்குக் கால் பங்கு போய்விட்டது. அவர்கள் இறந்ததும் அந்தக் கால் பங்கு உங்கள் மூவரிடம் தானாகத் திரும்பி வராது, பாட்டியின் வாரிசுகளுக்குத்தான் போகும். உங்களுக்கு அத்தைகள் இருக்கிறார்களா?

மஞ்சள்கேட்_வீடு:

இருக்கிறார்கள் சார். இரண்டு அத்தைகள். பெரியவர் பாலக்கோட்டில், சின்னவர் காவேரிப்பட்டணத்தில். தாத்தா முன்பே போய்விட்டார். வீடு அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டியது, அத்தைகளுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்கிறார்கள். படித்ததிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை.

சிட்டா_அடங்கல்:

பதறாதீர்கள். நான் பணியில் இருந்த காலத்தில் இதே சிக்கலோடு வந்தவர்கள் ஏராளம். சொந்தச் சம்பாத்தியம் என்பதால்தான் இந்தக் கணக்கே வருகிறது.

வீட்டை 24 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். அப்பா இறந்தபோது அம்மாவுக்கு 6, உங்களுக்கு 6, தம்பிக்கு 6, பாட்டிக்கு 6. பாட்டியின் 6 பங்கு அவர்களுடைய மூன்று பிள்ளைகள் வழிக்கு இரண்டிரண்டாகப் பிரியும். பெரிய அத்தைக்கு 2, சின்ன அத்தைக்கு 2. பாட்டிக்கு முன்பே இறந்துவிட்ட உங்கள் அப்பாவின் 2 பங்கு அவர் பிள்ளைகளான உங்கள் இருவருக்கும் ஒவ்வொன்று. இதில் உங்கள் அம்மாவுக்கு வராது. ஆக மொத்தம் அம்மா 6, நீங்கள் 7, தம்பி 7, அத்தைகள் ஆளுக்கு 2.

அத்தைகள் "எங்களுக்குப் பைசா வேண்டாம்" என்று சொன்னாலும் கையெழுத்து வேண்டும். வாய்ச்சொல் பத்திரத்தில் ஏறாது. தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாகத் தனியாக விடுதலைப் பத்திரம் போடுவது ஒரு வழி. ஆனால் விற்பதுதான் முடிவு என்றால், ஐந்து பேரும் சேர்ந்து ஒரே கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகக் கையெழுத்துப் போடுவது சுலபம். இன்னொரு பத்திரச் செலவு மிச்சம். அதற்குப் பாட்டிக்கும் தனியாக ஒரு வாரிசுச் சான்று தாசில்தாரிடம் வாங்க வேண்டும். இ-சேவை மையத்திலேயே மனுப் போடலாம். அப்புறம் ஐந்து பேர் பெயருக்கும் பட்டா மாறுதல்.

இதையெல்லாம் செய்யாமல் புரோக்கரை உள்ளே விட்டால், அட்வான்ஸ் வாங்கிய பிறகு வாங்குபவரின் வக்கீல் இதே கேள்வியைக் கேட்பார். அப்போது அத்தை வீட்டு வாசலில் நீங்கள் அவசரத்தோடு நிற்பீர்கள். அவசரத்தோடு வருகிறவர்களிடம் சொந்தபந்தம் எப்படிப் பேசும் என்று உங்களுக்கே தெரியும்.

சாவிக்கொத்து:

சார் சொல்வது நூற்றுக்கு நூறு. என் கையில் இருந்து நழுவிய வியாபாரங்களில் பாதி இப்படி வாரிசில் நின்றதுதான்.

நாலுரோட்டுக்காரன்:

அத்தைகளிடம் ஏன் விஷயத்தையே கிளப்ப வேண்டும்? வாரிசுச் சான்றில் பாட்டி பெயர் இருக்கிறது, பாட்டி இறந்த சான்று இருக்கிறது. அதை வைத்து மூன்று பேர் எழுதிக்கொடுத்துவிடலாமே. எத்தனை பேர் செய்கிறார்கள்.

சிட்டா_அடங்கல்:

செய்கிறார்கள். பிறகு பத்து வருடம் கழித்து அத்தை பிள்ளைகள் பாகப்பிரிவினை வழக்குப் போடுகிறார்கள், வாங்கினவன் இவர்களை வழக்கில் இழுக்கிறான். வாங்குபவர் பேங்க் லோனில் வந்தால் அந்த அளவுக்குக்கூடப் போகாது, லீகல் ஒப்பீனியனிலேயே நின்றுவிடும். தம்பி, உங்கள் வீடாக இருந்தாலும் இதே யோசனைதான் சொல்வீர்களா?

கேஆர்பி_அணைக்கரை:

மஞ்சள்கேட் அக்கா, நாங்கள் கிருஷ்ணகிரி பழையபேட்டை வீட்டை விற்றுவிட்டுக் கோவை போனவர்கள். அத்தைகளிடம் பேசும்போது போனில் பேசாதீர்கள், நேரில் போங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள். "கையெழுத்து வேண்டும்" என்று ஆரம்பிக்காமல், "வீட்டை விற்கிறோம், உங்களுக்கும் பங்கு இருக்கிறது, எவ்வளவு வருகிறது என்று பார்த்துச் சொல்கிறோம்" என்று ஆரம்பியுங்கள். பங்கு என்ற சொல்லை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் பாதி மனஸ்தாபம் வராது. எங்கள் வீட்டில் ஒரு சித்தி, தன்னைக் கேட்கவில்லை என்பதற்காகவே ஒரு வருடம் இழுத்தார். பணம் அவருக்குப் பிரச்சினையே இல்லை, கடைசியில் வாங்கவும் இல்லை.

ஒன்று மட்டும். அவர்கள் வாங்கிக்கொள்வதாக இருந்தால் அவரவர் அக்கவுண்டுக்கு நேராகப் போகட்டும். உங்கள் அக்கவுண்டில் விழுந்து பிறகு பிரித்துக் கொடுப்பது வேண்டாம்.

தொப்பூர்_கணவாய்:

எல்லோரும் விற்கச் சொல்லியே எழுதுகிறீர்கள். நான் விற்க வேண்டாம் என்கிறேன். அதியமான்கோட்டையில் இருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் 844 நெடுஞ்சாலையைப் பாருங்கள். ஓசூரில் விலை ஏறி முடித்துவிட்டது, இனி இந்தப் பக்கம்தான் ஏறும். கீழ்வீட்டையும் வாடகைக்கு விட்டுவிட்டு ஓசூரில் வாடகைக்கு இருங்கள். ஐந்து வருடம் கழித்து விற்றால் என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

லோன்_கவுண்டர்:

ஐந்து பேர் பங்குள்ள வீட்டை ஐந்து வருடம் வைத்திருந்தால், அது ஒன்பது பேர் பங்காகிவிடலாம். அத்தைகளுக்கு வயது என்ன இருக்கும்? விலை ஏறுமா என்பது யாருக்கும் தெரியாது, கையெழுத்துகள் கூடும் என்பது தெரியும். இப்போது எல்லோரும் நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுவது மேல்.

நான் வீட்டுக்கடன் பக்கம் வேலை பார்க்கிறேன். சங்கத்து லோன் 2008-ல் முடிந்தது, பத்திரம் கையில் இருக்கிறது என்றீர்கள். வில்லங்கம், அதாவது சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பார்த்தீர்களா? பதிவுத்துறை இணையதளத்தில் பார்வைக்கு இலவசமாகவே எடுக்கலாம். அந்தக் காலத்தில் சங்கக் கடனுக்கு அடமானப் பத்திரம் பதிவு செய்வார்கள். கடன் தீர்ந்ததும் ரசீதுப் பத்திரம் பதிவு செய்து அதை நீக்க வேண்டும். பலர் பத்திரம் கைக்கு வந்ததோடு விட்டுவிடுவார்கள். வில்லங்கத்தில் அடமானம் அப்படியே நிற்கும். முப்பது வருடத்துக்கு எடுத்துப் பாருங்கள்.

மஞ்சள்கேட்_வீடு:

எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே 1997 அடமானம் நிற்கிறது. தீர்ந்ததற்கான பதிவு எதுவும் இல்லை.

லோன்_கவுண்டர்:

சங்கத்தில் அப்பாவின் கடன் கணக்கு எண்ணைச் சொல்லி, பாக்கி இல்லை என்ற கடிதமும் ரசீதுப் பத்திரமும் கேளுங்கள். அவர்கள் தரப்பில் அதிகாரம் உள்ளவர் வந்து பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு ஆள் கிடைப்பதுதான் தாமதம். இன்றைக்கே ஆரம்பியுங்கள். இப்போது லோன் முடிப்பவர்களுக்கு அந்தக் கஷ்டம் குறைவு. 2023 டிசம்பர் 1-க்குப் பிறகு கடன் தீர்ந்த முப்பது நாளுக்குள் பேங்க் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. உங்களுடையது பழைய கதை, நடந்துதான் தீர வேண்டும்.

வீடு நகராட்சி எல்லைக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டு நகலும் எடுங்கள். 1996 பத்திரத்தில் பழைய சர்வே எண் இருக்கும், இப்போதைய பதிவேட்டில் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் என்று இருக்கும். இரண்டும் ஒரே இடம்தான் என்பதற்கு ஒரு காகிதம் இருந்தால் எங்களைப் போன்றவர்கள் வாயை மூடிக்கொள்வோம். மாடிக்குக் கட்டட அனுமதி வாங்கினீர்களா?

மஞ்சள்கேட்_வீடு:

கீழ்த்தளத்துக்கு மட்டும்தான் பிளான் அப்ரூவல் இருக்கிறது. மாடிக்கு வீட்டு வரி கட்டுகிறோம், தனி ஈபி மீட்டர் இருக்கிறது.

லோன்_கவுண்டர்:

வரி ரசீது அனுமதி ஆகாது. வேல்யூவர் மாடியைக் கணக்கில் எடுக்காமல் போகலாம், அல்லது குறைத்துப் போடலாம். விலை சொல்லும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மறைக்க ஒன்றும் இல்லை, எங்கள் பகுதியில் முக்கால்வாசி மாடிகள் இப்படித்தான்.

வாங்குபவர் கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் ஒரு தரம் போட்டுப் பாருங்கள். 50 லட்சம் விலை என்று வைத்துக்கொண்டால் பேங்க் அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 40 லட்சம். மீதி 10 லட்சம் அவர் கைப்பணம். அதன் மேல் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து நாலரை லட்சம். அதற்கு லோன் கிடையாது. பதினாலரை லட்சம் கையில் இல்லாதவர் எவ்வளவு ஆசையாக வீட்டைப் பார்த்தாலும் வேலைக்கு ஆகாது. அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் பேங்க்கில் பேசிவிட்டாரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

நாலுரோட்டுக்காரன்:

யாரும் முழு விலைக்குப் பத்திரம் போடுவதில்லை சார். கைடுலைன் வேல்யூவுக்கு (பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு) போட்டுவிட்டு மீதியைக் கையில் வாங்குவதுதானே ஊர் வழக்கம்.

ஆடிட்டர்_அல்ல:

ஊர் வழக்கத்துக்கு நோட்டீஸ் வந்தால் ஊர் வந்து பதில் சொல்லாது. நான் கிருஷ்ணகிரியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன், தினமும் பார்க்கிற கதை இது. அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. அட்வான்சுக்கும் இதே விதிதான். மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். வாங்கிய கறுப்பை வைத்து ஓசூரில் ஃபிளாட் எப்படி வாங்குவீர்கள்? அங்கே விற்பவர் முழுத்தொகையும் செக்கில் கேட்டால் என்ன செய்வது? மஞ்சள்கேட் விஷயத்தில் வெள்ளையாகக் காட்டுவதுதான் லாபமும்கூட.

விற்ற லாபத்துக்குத்தான் வரி, அதை விளக்குகிறேன். வீடு 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது. அதனால் 1996-ல் அப்பா கொடுத்த விலைக்குப் பதிலாக 2001 ஏப்ரல் 1-ந் தேதி மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம். ஆனால் அன்றைய கைடுலைன் மதிப்பைத் தாண்டக்கூடாது. மாடிக்கு 2009-ல் ஆன செலவைத் தனியாகச் சேர்க்கலாம், பில் இருந்தால் எடுத்து வையுங்கள். மதிப்பீட்டாளரிடம் ஒரு ரிப்போர்ட் வாங்க வேண்டும். பிறகு இரண்டு வழி: பணவீக்கக் குறியீடு (விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்ப அடக்க விலையை உயர்த்துவது) இல்லாமல் 12.5 சதவீத வரி, அல்லது குறியீட்டோடு 20 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால் இந்தத் தேர்வு உண்டு, எது குறைவோ அதை எடுக்கலாம். இந்தச் சலுகை உள்நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டுவாசி என்று கணக்காகிற தம்பிக்கு 12.5 மட்டும்.

உங்கள் பங்கு லாபத்தை ஓசூர் வீட்டில் போட்டால் அந்த அளவுக்கு வரி இல்லை. விற்பதற்கு ஒரு வருடம் முன்போ, விற்ற இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்க வேண்டும். கட்டுவதானால் மூன்று வருடம். ரிட்டர்ன் போடும் கெடுவுக்குள் வாங்கவில்லை என்றால் பணத்தை மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் பேங்க்கில் போட்டு வைக்க வேண்டும், சேமிப்புக் கணக்கில் கிடந்தால் ஏற்க மாட்டார்கள். ஃபிளாட் யார் பெயரில் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். உங்கள் லாபத்துக்கு விலக்கு வேண்டுமானால் உங்கள் பெயர் அதில் இருக்க வேண்டும், வீட்டுக்காரர் பெயரில் மட்டும் வாங்கினால் வம்பு. அம்மாவுக்கு வேறு வருமானம் குறைவு என்றால் அவருடைய அடிப்படை விலக்கு வரம்பிலேயே ஒரு பகுதி கழிந்துவிடும்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து வரியாகக் கட்டுவார். ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு 50 லட்சம் வரவில்லையே என்று சொல்ல முடியாது, 2024 அக்டோபரிலிருந்து மொத்த விலையைத்தான் பார்க்கிறார்கள். தம்பி பங்குக்கு விலை எவ்வளவானாலும் பிடித்தம் உண்டு, விகிதமும் அதிகம். குறைந்த பிடித்தச் சான்றிதழ் வாங்க அவர் முன்கூட்டியே மனுச் செய்யலாம். ஐந்து பேருக்கும் பான் கார்டு வேண்டும். அத்தைகளிடம் இருக்கிறதா?

மஞ்சள்கேட்_வீடு:

பெரிய அத்தையிடம் ரேஷன் கார்டும் ஆதாரும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பான் கார்டுக்கு இப்போதே எழுதிப்போடச் சொல்கிறேன். தம்பி லீவு ஏப்ரலில்தான் கிடைக்குமாம். அதற்குள் பத்திரம் வந்துவிட்டால்?

சிட்டா_அடங்கல்:

பவர் போடலாம், அதாவது தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம். மஸ்கட் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் பதிவுத்துறையில் முத்திரைத்தீர்வை கட்டிப் பதியவைக்க வேண்டும். பவரை அம்மாவுக்கோ உங்களுக்கோ கொடுக்கட்டும். குடும்பத்துக்கு வெளியே கொடுத்தால் 2023 ஜூலையிலிருந்து கட்டணமே சொத்து மதிப்பில் 1 சதவீதம். பத்திரப் பதிவின்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள், அது முப்பது நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். ஆனால் ஏப்ரலில் வருகிறார் என்றால் பவரே வேண்டாம் என்பேன். சித்திரையில் நேரில் வந்து கைரேகை வைத்துவிட்டுப் போகட்டும்.

சாவிக்கொத்து:

கால அட்டவணை நான் சொல்கிறேன். இப்போது ஐப்பசி. மார்கழியில் யாரும் வீடு பார்க்கவே வர மாட்டார்கள், அதனால் கார்த்திகை, மார்கழி இரண்டும் காகித வேலைக்கு. தை பிறந்ததும் வீட்டைக் காட்ட ஆரம்பியுங்கள், அப்போதுதான் கூட்டம். மாசிக்குள் அக்ரிமெண்ட், மூன்று மாதம் கெடு, சித்திரை வைகாசியில் கிரயம். தப்பினால் ஆடி வந்து நிற்கும், பள்ளிக்கூடமும் திறந்துவிடும்.

மாடிக்காரர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தாமே இருக்க வாங்குகிறவர் மாடி காலியாக வேண்டும் என்பார், வாடகைக்காக வாங்குகிறவர் ஆள் இருக்கட்டும் என்பார். சண்டை போட்டு அனுப்பாதீர்கள். வீடு பார்க்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடப் போவதே அவர்கள்தான்.

ஈரச்சுவர்:

அக்ரிமெண்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து சட்டம். பதிந்தால் அது வில்லங்கத்தில் ஏறும். வாங்குபவர் பின்வாங்கினால் அதை ரத்து செய்யவும் அவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வராமல் போக்குக் காட்டுகிறவர்கள் உண்டு. அதனால் கெடு, அட்வான்ஸ் திருப்பித் தரும் முறை, ரத்து எல்லாவற்றையும் வக்கீலை வைத்து எழுதுங்கள், அவசரத்தில் அச்சடித்த ஃபாரத்தில் பெயரை நிரப்பாதீர்கள்.

மஞ்சள்கேட்_வீடு:

என் இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. விற்றுவிட்டுப் போவதா, போய்விட்டு விற்பதா?

கேஆர்பி_அணைக்கரை:

விற்றுவிட்டுப் போங்கள், ஆனால் உடனே வாங்காதீர்கள். ஓசூரில் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். எந்தப் பள்ளி, சிப்காட்டுக்கு எந்தப் பக்கம் நெரிசல், கோடையில் எந்த அபார்ட்மெண்டுக்கு டேங்கர் வருகிறது என்பதெல்லாம் அங்கே இருந்தால்தான் தெரியும். ஆடிட்டர்_அல்ல சொன்னபடி இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறதே. முதலில் அங்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டால், இங்கே வருகிற எந்த விலைக்கும் தலையாட்ட வேண்டி வரும்.

அம்மாவைத் தனியாக இந்த வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் முன்னால் போவது மட்டும் வேண்டாம். பூட்டின வீட்டுக்கும் விலை குறையும். வாடகை வீடு பார்க்கும்போது அம்மாவையும் கூட்டிப் போய்ப் படியேறச் சொல்லிப் பாருங்கள். லிஃப்ட் இருக்கிறது என்பார்கள், கரண்ட் போனால் ஓடுகிறதா என்று கேளுங்கள்.

தொப்பூர்_கணவாய்:

சரி, என் கட்சி தோற்றது. வாரிசுக் கணக்கைப் படித்த பிறகு நானே எங்கள் வீட்டுப் பட்டாவை எடுத்துப் பார்த்தேன். இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. அது தனி இழையாகப் போடுகிறேன்.

பரணில் இருப்பதை மட்டும் இப்போதே இறக்குங்கள். ஆட்டுக்கல், குந்தாணி, அண்டா, பழைய கட்டில் சட்டம், அப்பாவின் டைனமோ சைக்கிள்... மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்கு ஆட்டுக்கல்லைத் தூக்கிப் போன ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அங்கே அதன் மேல் டிவி ரிமோட்தான் இருக்கிறது.

மஞ்சள்கேட்_வீடு:

சிரித்துவிட்டேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன், ஆட்டுக்கல் வராது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அண்டா வருமாம்.

முடிவு இதுதான்: பெயிண்ட் இல்லை, மாடிக் குளியலறைக்கு மட்டும் ஆள் சொல்லியிருக்கிறோம். திங்கட்கிழமை சங்கத்துக்குப் போகிறேன். ஞாயிறு பாலக்கோடு, அங்கிருந்து காவேரிப்பட்டணம், அம்மாவும் வருகிறார்கள். அம்மாவுக்கு இன்னும் மனதில் ஒப்பவில்லை, ஆனால் "கேட்டுவிட்டுச் செய்வோம்" என்கிறார்கள். பாட்டியின் வாரிசுச் சான்றுக்கு என்னென்ன வேண்டும் சார்?

சிட்டா_அடங்கல்:

பாட்டியின் இறப்புச் சான்று, உங்கள் அப்பாவின் இறப்புச் சான்று, தாத்தாவின் இறப்புச் சான்று, அத்தைகள் இருவரின் ஆதார், உங்கள் இருவரின் ஆதார். தாத்தாவுடையது பழையது என்பதால் அதுதான் கிடைக்காமல் இழுக்கும். எந்த ஊரில் இறந்தாரோ அந்த ஊராட்சி அல்லது நகராட்சிப் பதிவில் தேட வேண்டும். பெரிய அத்தைக்கு வருடமாவது நினைவிருக்கும், ஞாயிற்றுக்கிழமை போகும்போது கேட்டுக்கொண்டு வாருங்கள். பாட்டி எந்த ஊரில் இறந்தார்களோ, எந்தத் தாலுகாவில் கடைசியாக இருந்தார்களோ அதையும் எழுதுங்கள், எந்த தாசில்தார் என்று சொல்கிறேன்.

மஞ்சள்கேட்_வீடு:

கடைசியில் சின்ன அத்தை வீட்டில்தான் இருந்தார்கள், காவேரிப்பட்டணம்.

சிட்டா_அடங்கல்:

அப்படியானால் கிருஷ்ணகிரி தாலுகா. மனுவைச் சின்ன அத்தை பெயரிலேயே போடச் சொல்லுங்கள். விசாரணைக்கு வி.ஏ.ஓ. வரும்போது அக்கம்பக்கத்தில் அவர்களைத்தான் தெரியும்.